நட்டுவாங்கம்: வாயில் ஜதி சரியாக வருகிறது, கைத்தாளம் எடுத்ததும் தடுமாறுகிறது

செத்தாப்பாக்_சலங்கை எழுதியது:

வணக்கம். எங்கள் பரதநாட்டிய வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்குச் சலங்கை பூஜை (சலங்கையைப் பூஜையில் வைத்துக் கட்டி ஆடும் நிகழ்ச்சி) வைக்கிறோம். வயது 9 முதல் 12 வரை. புஷ்பாஞ்சலி, திஸ்ர அலாரிப்பு, ஆதி தாளத்தில் ஜதிஸ்வரம், மிஸ்ர சாபுவில் சப்தம், கடைசியில் ஒரு கீர்த்தனம். இதுவரை பதிவு செய்த இசைக்கே ஆடியவர்கள். இந்தத் தடவை வாய்ப்பாட்டு, மிருதங்கம், வயலின் மூன்றும் மேடையிலேயே இருக்கும். சென்னையிலிருந்து நட்டுவனாரை வரவழைக்கும் செலவை இந்த நிகழ்ச்சி தாங்காது. ஆகவே கைத்தாளம் என்னும் சிறு உலோகக் கிண்ணங்களைத் தட்டி, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் என் பொறுப்பு.

அடவுகள் (ஆட்டத்தின் அடிப்படை அசைவுகள்) தெரியும், ஜதிகள் (தாளச் சொற்கட்டுகள்) மனப்பாடம். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு மூன்று காலத்திலும் (வேகத்திலும்) சொல்ல வருகிறது. கைத்தாளத்தை எடுத்தால் வாய் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் கை ஓர் அடி போட்டுவிடுகிறது. மூன்றாம் காலத்தில் எல்லாம் ஒரே இரைச்சல். தீர்மானம் (ஜதியை முடிக்கும் சொற்கட்டு) எடுக்கும் இடத்திலும் சந்தேகம்: பதிவு இசையில் காதால் பிடித்துக்கொண்ட இடம், மெட்ரோனோம் வைத்துச் சொன்னால் ஒரு மாத்திரை முன்னோ பின்னோ போகிறது. சப்தத்தில் 7 எண்ணிக்கை சில சமயம் 8 ஆகிவிடுகிறது.

கைத்தாளமும் இனிமேல்தான் வாங்க வேண்டும். இருப்பது அடுக்குமாடி வீடு, இரவில் சத்தம் போட முடியாது. என் குரல் மெல்லியது, ஜதிக்கு எடுக்குமா என்ற பயமும் இருக்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


தட்டுக்கழி எழுதியது:

முதலில் கையைப் பார்ப்போம், தங்கச்சி. மற்றவை அதன் பின்னால் தானாக வரும்.

கைத்தாளம் காலுக்கு ஒலிப்பது. வாய் சொல்லும் சொற்கட்டில் பத்துச் சொல் இருந்தால் அதில் தரையில் கால் விழுவது ஆறு இடமாக இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம். அந்த இடங்களில் மட்டும் உலோகம் பேச வேண்டும். ஆடத் தெரிந்தவர்கள் நட்டுவாங்கத்துக்கு வரும்போது எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஜதியை வாயோடு சேர்த்துக் கையால் எண்ணியே பழகியதால் வாயும் கையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரித்தாக வேண்டும்.

குதித்து மெட்டடவை எடுத்துக்கொள்ளுங்கள். சொல் ‘தெய் ஹத் தெய் ஹி’. வாய் அழுத்துவது ‘தெய்’ மேல். ஆனால் ‘தெய்’யில் பிள்ளை குதித்து முன்பாதத்தில் நிற்கிறாள், தரையில் அதிக ஒலி இல்லை. குதிகால் இறங்கிச் சலங்கை ஒலிப்பது ‘ஹத்’திலும் ‘ஹி’யிலும். புதிதாக எடுப்பவர்கள் வாயோடு போய்த் ‘தெய்’யில் பலமாக அடிப்பார்கள். பிள்ளைக்குக் காதில் விழும் அடி ஓரிடத்தில், கால் விழுவது வேறிடத்தில். இரண்டு ஆவர்த்தனத்துக்குள் (தாளச் சுற்றுக்குள்) அவள் குதிகாலை முன்கூட்டியே இறக்க ஆரம்பித்துவிடுவாள். பழி பிள்ளை மேல் போகும், தவறு கைத்தாளத்தில். ‘தெய்’க்கு அடக்கிய ஒலி (தட்டிய கிண்ணங்கள் ஒட்டி நிற்பது), ‘ஹத்’, ‘ஹி’க்குத் திறந்த ஒலி (தட்டியதும் விலகுவது) என்று பிரித்துப் போடுங்கள்.

நாட்டடவிலும் இதே கணக்கு. ‘தெய்யும் தத்த தெய்யும் தா’வில் ‘தெய்யும்’ வரும் இடத்தில் கால் நீண்டு குதிகால் நாட்டுகிறது. அதற்கு அடக்கிய ஒலி. ‘தத்த’விலும் ‘தா’விலும் கால் திரும்பி வந்து முழுப்பாதமாகத் தட்டுகிறது, அங்கே திறந்த ஒலி. தட்டடவு ஒன்றுதான் உங்கள் இப்போதைய பழக்கத்துக்கு ஒத்துவரும். ‘தெய்யா தெய்’யில் வலது ஒன்று, இடது ஒன்று, இரண்டுமே தட்டு, இரண்டுமே திறந்தவை. ஆகவே பயிற்சியைத் தட்டடவில் தொடங்கி நாட்டடவுக்குப் போய், குதித்து மெட்டடவைக் கடைசியில் வையுங்கள்.

பயிற்சி முறை: முதல் கட்டத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையை ஆடவிட்டு, அவள் கணுக்காலைப் பார்த்துக் கையால் மட்டும் போடுங்கள். சொல்லை மனத்துக்குள்கூடச் சொல்லக் கூடாது. இது நினைப்பதைவிடக் கடினம். அடுத்த கட்டத்தில் வாயில் சொல், கையில் திறந்த அடிகள் மட்டும். அடக்கிய அடிகளை அப்போது விட்டுவிடுங்கள். மூன்றாவதாக இரண்டும் சேர்ந்து. ஒவ்வோர் அடவையும் முதல் காலத்தில் இந்த மூன்று கட்டமும் தாண்டிய பிறகே இரண்டாம் காலம்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெட்ரோனோமை 60இல் வைத்தால் மூன்றாம் காலத்தில் எண்ணிக்கைக்கு 4 வீதம் நிமிடத்துக்கு 240 அடி, வினாடிக்கு 4. அதுவே 80 என்றால் நிமிடத்துக்கு 320. பத்து வயதுப் பிள்ளை அந்த வேகத்தில் அரைமண்டியை (முழங்காலை மடித்துப் பாதி அமர்ந்த நிலையை) காப்பாற்ற மாட்டாள். இடுப்பு மேலே எழும்பும், பாதம் முழுதாகப் பதியாமல் விரல் மட்டும் தரையைத் தொடும். 56 முதல் 60 வரை போதும். வேகம் என்பது அவையோருக்குக் கேட்கும் தெளிவில் இருக்கிறது. கால் தெளிவாக விழுந்தால் 60கூட விறுவிறுப்பாக இருக்கும்.

அலாரிப்பில் ஒரே ஓர் ஆபத்து. ‘தாம் தித் தாம் தெய் தத் தெய்’ என்று சமபாதத்தில் (நேராக நின்று) கண், கழுத்து, தோள் அசையும்போது லயம் நன்றாக நிற்கும். முழுமண்டிக்கு (முழுதாகக் குந்தும் நிலைக்கு) போனதும் பிள்ளைகள் எழுந்திருக்கத் திணறுவார்கள், நட்டுவனார் இரக்கப்பட்டு இழுப்பார். எழுந்து அரைமண்டியில் நகர ஆரம்பித்ததும் இழுத்ததை ஈடுகட்ட ஓடுவார். இரண்டும் கூடாது. எந்தப் பிள்ளையால் முழுமண்டியிலிருந்து லயத்தோடு எழ முடியவில்லையோ, அவளுக்கு ஏற்ற வேகத்தை ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். அலாரிப்பு எடுப்பதற்கு முன் முழுமண்டிப் பகுதியை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, அந்த வேகத்தில் ‘தாம்’ எடுங்கள்.

ஆறு பேர் ஆடும்போது ஆறு பேரின் காலையும் பின்தொடர முடியாது. நடுவில் லயம் உறுதியான ஒரு பிள்ளையை நிறுத்தி அவளை மட்டும் பாருங்கள். மற்றவர்கள் காதால் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

வீட்டில் சத்தம் பிரச்சினை என்றால் தட்டுக்கழியையும் (தாளம் தட்டும் குச்சி) மனையையும் (அதைத் தட்டும் மரப்பலகை) எடுங்கள். மனை மேல் குளியல் துண்டை நாலாக மடித்துப் போட்டால் கீழ்வீட்டுக்குக் கேட்காது. திறந்த ஒலிக்குக் கழியின் நுனி, அடக்கிய ஒலிக்குக் கழியை அழுத்திப் பிடிப்பது என்று வைத்துக்கொண்டால் பிரித்துப் போடும் பழக்கம் அதிலேயே வந்துவிடும். கைத்தாளத்தோடு பழகுவதை வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

குரலைப் பற்றிப் பயம் வேண்டாம். பெண்கள் நட்டுவாங்கத்துக்கு உட்காருவது அரிதாக இருந்த காலத்தில் வழுவூர் இராமையா பிள்ளையின் மாணவி கே. ஜே. சரசா அதைச் செய்து காட்டினார். இன்று பெண் நட்டுவனார்கள் நிறையப் பேர். ஆண்குரலைப் போல அடித்தொண்டையில் இறக்கிச் சொன்னால் பத்தே நிமிடத்தில் தொண்டை கட்டும். உங்கள் சுருதியிலேயே, மெய்யெழுத்தைக் கூர்மையாக வைத்துச் சொல்லுங்கள். ‘தகதிமி’யில் ‘க’வும் ‘தி’யும் ஒன்றோடொன்று குழைந்தால்தான் குரல் மெல்லியதாகக் கேட்கும். நாக்கு பல்லைத் தொட்டு விலகும் இடம் தெளிவாக இருந்தால் மைக் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.


மிருதங்கம்_செந்தூல் எழுதியது:

தீர்மானக் கணக்கை நான் சொல்கிறேன். காதால் பிடித்த இடத்தை நம்பாதீர்கள். பதிவு இசையில் பாடகர் இழுத்த இடமும் சேர்ந்து பதிந்திருக்கும்.

ஆதி தாளம் 8 எண்ணிக்கை, ஒன்றுக்கு 4 மாத்திரை, ஆக 32. ‘ததிங்கிணதொம்’ 5 மாத்திரை. மூன்று முறை சொன்னால் 15. சமத்தில் (அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டில்) இறங்க வேண்டுமானால் 32இல் 15 போக 17 மாத்திரை சும்மா விட வேண்டும், 18வது மாத்திரையில் எடுக்க வேண்டும். அது ஐந்தாம் எண்ணிக்கையின் இரண்டாவது மாத்திரை. கையில் பார்த்தால், லகு (ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும்) முடிந்து முதல் துருதத்தின் (ஒரு தட்டும் வீச்சும்) தட்டு விழுந்த உடனே ‘த’ எடுக்க வேண்டும். தட்டின் மேலேயே எடுத்தால் ஒரு மாத்திரை முன்னால் முடியும். உங்களுக்கு வரும் ‘ஒரு மாத்திரை முன்னோ பின்னோ’ பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இடையில் கார்வை (இடைவெளி) வந்தால் இடம் மாறும். ஒரு மாத்திரைக் கார்வை இரண்டு இடத்தில் வைத்தால் மொத்தம் 17. 16வது மாத்திரையில், அதாவது நடுவிரல் எண்ணிக்கையின் கடைசி மாத்திரையில் எடுக்க வேண்டும். இரண்டு மாத்திரைக் கார்வை என்றால் மொத்தம் 19, எடுப்பது 14வது மாத்திரையில், நடுவிரல் விழுந்த உடனே. ‘ததிங்கிணதொம், தக ததிங்கிணதொம், தகதிகு ததிங்கிணதொம்’ என்று 5, 7, 9 ஆக வளர்ந்தால் மொத்தம் 21. அதை 12வது மாத்திரையில், மோதிரவிரல் எண்ணிக்கையின் கடைசியில் எடுங்கள். 9, 7, 5 ஆகக் குறைந்து வந்தாலும் எடுக்கும் இடம் அதுவே.

பாட்டின் எடுப்பு (பாட்டுத் தொடங்கும் இடம்) சமத்தில் இல்லாமல் அரை எண்ணிக்கை தள்ளி இருந்தால் தீர்மானமும் இரண்டு மாத்திரை தள்ளிப் போகும். கார்வையில்லாத 15ஐ அப்போது 20வது மாத்திரையில், ஐந்தாம் எண்ணிக்கையின் கடைசி மாத்திரையில் எடுக்க வேண்டும். உங்கள் கீர்த்தனத்தின் எடுப்பு எங்கே என்று பாடகரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். ஒத்திகை அன்று கேட்டால் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

சப்தத்துக்கு வருகிறேன். மிஸ்ர சாபு 3+4. ‘தகிட தகதிமி’. எண்ணிக்கை 7 நழுவி 8 ஆகிவிடுவது எப்போதும் ‘தகதிமி’யின் முடிவில்தான். ஏன் என்றால் அங்கே மூச்சு எடுக்கிறோம், மூச்சுக்கு ஒரு மாத்திரை தின்றுவிடுகிறோம். மூச்சை ‘தகிட’ முடிந்த இடத்துக்கு மாற்றுங்கள். அதற்குப் பழக, ‘தகதிமி தகிட’ என்று தலைகீழாகச் சொல்லிக்கொண்டே தாளத்தை மட்டும் 3+4 ஆகப் போட்டுப் பாருங்கள். அது நின்றுவிட்டால் நேர் வரிசை தானாக நிற்கும். மெட்ரோனோமில் எல்லா எண்ணிக்கைக்கும் ஒலி வைக்காதீர்கள். 7க்கு ஓர் ஒலி போதும். இடையில் நீங்களே நிற்க வேண்டும், அப்போதுதான் எங்கே நழுவுகிறீர்கள் என்று தெரியும்.

சாபுவில் எண்ணிக்கைக்கு 2 மாத்திரை வைத்தால் ஆவர்த்தனம் 14. அதே 15 மாத்திரைத் தீர்மானம் ஓர் ஆவர்த்தனத்தைவிட ஒன்று அதிகம். எனவே சமத்துக்கு ஒரு மாத்திரை முன்பே எடுத்து, வரும் ஆவர்த்தனம் முழுவதும் சொன்னால் அடுத்த சமத்தில் இறங்கும். இதை ஒருமுறை கையில் போட்டுப் பார்த்தால் மறக்காது.

மிருதங்கக்காரருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: உருப்படி, நடை, ஜதி எத்தனை, ஒவ்வொரு தீர்மானமும் எத்தனை மாத்திரை, எங்கே கார்வை. உங்கள் பள்ளியின் ஜதி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சொற்கட்டையே முழுதாக எழுதினால் இன்னும் நல்லது. ஒத்திகையில் அவர் உங்கள் வாயைக் கேட்பார், மேடையில் உங்கள் கையைப் பார்ப்பார். தீர்மானத்துக்கு முந்தின ஆவர்த்தனத்தில் தலையை ஒருமுறை அசைத்துக் காட்டினால் போதும், பெரிய சைகை எதுவும் தேவையில்லை.


செத்தாப்பாக்_சலங்கை எழுதியது:

தட்டுக்கழி அக்கா, மிருதங்கம் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. 18வது மாத்திரை விஷயம் சரிதான், தட்டின் மேலேயே எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. மூன்றாம் காலத்தில் எல்லாத் தட்டுக்கும் அடிக்க வேண்டுமா, சிலவற்றை விட்டுவிடலாமா? கைத்தாளத்தைக் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் பூஜைச் சாமான் விற்கும் கடைகளில் பார்த்தேன், சின்னதும் பெரியதுமாக நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுக்கலாமா?


ஜார்ஜ்டவுன்_ஜதி எழுதியது:

எடுக்காதீர்கள். அவை பஜனை ஜால்ரா. இரண்டு கிண்ணமும் பித்தளை, ஒருமுறை தட்டினால் ஒலி நீண்டுகொண்டே போகும். பஜனைக்கு அந்த நீட்சி அழகு. நட்டுவாங்கத்தில் மூன்றாம் காலம் வந்ததும் முந்தின அடி ஓய்வதற்குள் அடுத்தது விழுந்து, நீங்கள் முதலில் எழுதிய அந்த இரைச்சல் வரும். இங்கே பினாங்கு லெபோ பாசாரிலும் இதே கதைதான். கடைக்காரரிடம் தாளம் என்று கேட்டால் ஜால்ராவைத்தான் எடுத்து வைப்பார்.

நட்டுவாங்கத் தாளத்தில் ஒரு கிண்ணம் இரும்பு, இன்னொன்று வெண்கலம் அல்லது பித்தளை. இரண்டு உலோகமும் மோதும்போது ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்குகிறது. நடனப் பொருள்கள் விற்கும் கடையில் கேளுங்கள், இல்லாவிட்டால் சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்குங்கள். எடுப்பதற்கு முன் கயிற்றில் தொங்கவிட்டு ஒவ்வொரு கிண்ணத்தையும் தனியாகத் தட்டிப் பாருங்கள். கரகரப்பு கேட்டால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. பிறகு இரண்டையும் சேர்த்து, திறந்த அடி ஒன்று, அடக்கிய அடி ஒன்று. பத்தடி தள்ளி நிற்பவருக்கு இரண்டும் வேறு வேறாகக் கேட்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவே போதும். கனமானதை எடுத்தால் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் மணிக்கட்டு கடுத்துவிடும்.

பெரும்பாலானோர் இரும்பை வலக்கையிலும் வெண்கலத்தை இடக்கையிலும் பிடிக்கிறார்கள். உங்கள் குருவின் வழக்கம் வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். கயிற்றைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு கிண்ணத்தை விரல்களுக்குள் தளர்வாக வைத்திருங்கள். வாயோடு வாய் நேராக மோதவிடக் கூடாது. உள்ளே காற்று சிக்கிக்கொண்டு ‘டப்’ என்ற செத்த ஒலிதான் வரும். மேல் கிண்ணத்தைச் சற்றே சாய்த்து விளிம்பு விளிம்பில் படும்படி தட்டுங்கள். திறந்த ஒலிக்கு உடனே விலக வேண்டும், அடக்கிய ஒலிக்கு அப்படியே ஒட்டி நிற்க வேண்டும். அசைய வேண்டியது மணிக்கட்டு. முழங்கை அசைந்தால் மூன்றாம் காலம் ஒருநாளும் வராது.

மூன்றாம் காலக் கேள்விக்கு என் கருத்து: முதல் மேடைக்கு எல்லாத் தட்டையும் அடிக்க முயல வேண்டாம். எண்ணிக்கை விழும் தட்டையும், அடவு திசை மாறும் தட்டையும் உறுதியாகப் போடுங்கள், இடையில் உள்ளதைச் சலங்கை சொல்லட்டும். தெளிவில்லாத நாலு அடி பிள்ளையைக் குழப்பும், தெளிவான ஓர் அடி அவளைத் தாங்கும்.

இந்த ஊர் ஈரம் இரும்புக்கு எதிரி. விரல் வியர்வை பட்ட கிண்ணத்தை அப்படியே பையில் போட்டால் ஒரே வாரத்தில் செம்புள்ளி வரும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் உள்ளும் புறமும் துடைத்து, இரும்புக் கிண்ணத்துக்கு மட்டும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுப் பூசுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விரலில் வழுக்கும். இரண்டையும் தனித்தனித் துணிப்பையில் வைத்து, காலணிப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டை உள்ளே போடுங்கள். புளி போட்டுத் தேய்க்கும் வழக்கம் வெண்கலத்துக்குச் சரி, இரும்பின் பக்கம் போகக் கூடாது.

கயிறுதான் மேடையில் காலை வாரும். துளையின் விளிம்பு உள்ளே இருந்து அறுத்துக்கொண்டே இருக்கும், வெளியே பார்த்தால் புதிது போலத் தெரியும். நிகழ்ச்சிக்கு நாலு நாள் முன்பு கயிற்றை மாற்றி அந்தப் புதுக் கயிற்றோடு பழகுங்கள். அன்று காலையில் மாற்றினால் பிடியின் நீளம் வேறாகிக் கை தடுமாறும்.


தட்டுக்கழி எழுதியது:

மூன்றாம் காலத்தில் அடியைக் குறைப்பது பற்றி ஜார்ஜ்டவுன்காரர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கீர்த்தனத்திலும் சப்தத்திலும் குறைக்கலாம். ஜதிஸ்வரத்தில் நட்டுவனார் வாய் திறக்கும் இடமே குறைவு. ஸ்வரம் பாடகரிடம் இருக்கிறது, பிள்ளைக்கு அடவைச் சொல்லும் ஒரே குரல் கைத்தாளம். அங்கே அடியை விட்டால் கோர்வை (அடவுத் தொடர்) நடுவே அவள் எந்த அடவில் இருக்கிறோம் என்று தேடுவாள். கை அந்த வேகத்துக்கு வரவில்லை என்றால் மெட்ரோனோமை 60இலிருந்து 54க்கு இறக்குங்கள், அடியைக் குறைக்காதீர்கள்.

உட்காரும் இடம். முன்காலத்தில் இந்த ஆட்டக் குழுவைச் சின்ன மேளம் என்று அழைத்த நாட்களில் நட்டுவனாரும் மற்ற வாத்தியக்காரர்களும் நின்றபடியே ஆடுபவருக்குப் பின்னால் நகர்ந்து வருவார்கள். கால் எப்போதும் கண்ணெதிரே இருக்கும். இப்போது மேடை ஓரத்தில் உட்காருகிறோம். ஓரத்திலிருந்து பார்த்தால் பக்கத்தில் நிற்கும் பிள்ளை நடுவில் நிற்பவளை மறைப்பாள். ஆகவே வாத்தியக்காரர்கள் வரிசையில் அவையோருக்கு மிக அருகில் உள்ள முதல் இடம் உங்களுடையது, அங்கிருந்து சற்று உள்பக்கம் திரும்பி உட்காருங்கள். பிள்ளைகளை நேர்வரிசையில் நிறுத்தாமல் நடுப்பிள்ளையை ஓர் அடி முன்னால் வைத்தால் அவள் கணுக்கால் தெரியும்.

நேரடி இசைக்கு ஆடும் நிகழ்ச்சிகளுக்குப் போனால் அவையின் நடுவில் உட்காராமல் நட்டுவனாரின் கை தெரியும் ஓரத்தில் உட்காருங்கள். பிரிக்பீல்ட்ஸில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981இல் தொடங்கப்பட்டது. நடனத்தோடு இசையும் கற்றுத்தரும் இடம் அது. ரம்லி இப்ராஹிம் 1983இல் தொடங்கிய சூத்ரா நடனக் குழுவின் ஒடிசி (ஒடிசா மாநில நடனம்) நிகழ்ச்சிகளையும் பாருங்கள். ஆனால் அங்கே நட்டுவாங்கத்தைத் தேட வேண்டாம். ஒடிசியில் மர்தளம் என்னும் தோல்வாத்தியம் வாசிப்பவரே சொற்கட்டையும் சொல்வது வழக்கம். வாயும் கையும் தனித்தனியாக வேலை செய்வதை அவரிடம் கவனிக்கலாம்.

மைக் இரண்டு கேளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். ஒன்றே போதும். வாய்க்கு நாலு விரல் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். கைத்தாளம் மடியில் இருக்க வேண்டும். மார்பு உயரத்துக்குத் தூக்கினால் மைக் உலோகத்தை மட்டும் எடுக்கும், ஜதி உள்ளே போய்விடும். ஒலிச் சோதனையில் மூன்றாம் கால ஜதி ஒன்றை முழுக்கச் சொல்லிக் காட்டுங்கள். ‘ஹலோ ஹலோ’ என்று சோதித்தால் கைத்தாளம் சேர்ந்து வரும்போது எப்படி இருக்கும் என்று ஒலிப்பதிவாளருக்குத் தெரியாது.


செத்தாப்பாக்_சலங்கை எழுதியது:

கடைசியாக ஒன்று. மேடையில் பிள்ளை தவறினால் நட்டுவனார் என்ன செய்ய வேண்டும்? சலங்கை அவிழ்ந்தால்?


மிருதங்கம்_செந்தூல் எழுதியது:

தவறு மூன்று விதம். முந்திப் போகிறாள் என்றால் அவளோடு ஓடக் கூடாது. வேகத்தை அப்படியே வைத்து, சமத்தில் மட்டும் அடியைக் கனமாக்குங்கள். இரண்டு ஆவர்த்தனத்தில் திரும்பி வருவாள். பிந்துகிறாள் என்றால் களைப்பு. அடுத்த உருப்படியின் வேகத்தைக் குறையுங்கள், ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதீர்கள். மறந்து நின்றுவிட்டாள் என்றால் அடவின் சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘தெய்யும் தத்த’ என்று கேட்டால் கால் தானாக நகரும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். ஆறு பேரில் ஒருத்தி நின்றால் மற்ற ஐவருக்காகத் தாளம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆறு பேரும் ஒன்றாக நழுவினால் மட்டும் பாடகருக்குக் கண் காட்டி, பல்லவியைத் திரும்ப எடுக்கச் செய்து சமத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை ஒத்திகையில் வேண்டுமென்றே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

ஒத்திகை குறைந்தது மூன்று. முதலாவது பிள்ளைகள் இல்லாமல் இசைக்காரர்கள் மட்டும். இரண்டாவது பிள்ளைகளோடு, எங்கு வேண்டுமானாலும் நிறுத்தித் திருத்தலாம். மூன்றாவது நிறுத்தாமல், சலங்கையோடு. சலங்கை இல்லாமல் ஒத்திகை பார்த்தால் மேடையில் ஆறு ஜோடிச் சலங்கை எழுப்பும் ஒலியில் உங்கள் அடக்கிய அடிகள் காணாமல் போகும், அதை அங்கேதான் முதலில் கண்டுபிடிப்பீர்கள்.


ஜார்ஜ்டவுன்_ஜதி எழுதியது:

ஜதிஸ்வரம் பற்றித் தட்டுக்கழி அக்கா சொன்னது நியாயம், அங்கே அடியைக் குறைக்க வேண்டாம்.

சலங்கை அவிழ்ந்தால் பிள்ளை குனியக் கூடாது, உருப்படி முடியும்வரை ஆடட்டும். முழுதாகக் கழன்று விழுந்தால் காலால் பின்பக்கம் ஒதுக்கிவிடச் சொல்லிக் கொடுங்கள். ஒற்றை மணி தெறித்து விழுவதுதான் ஆபத்து, வெறுங்காலில் மிதித்தால் பாதம் வழுக்கிக் கணுக்கால் திரும்பும். உருப்படிகளுக்கு நடுவே மேடையைத் துடைக்க ஓர் ஆளைத் துணியோடு ஓரத்தில் நிறுத்துங்கள். பூஜையில் வைப்பதற்கு முந்தின நாள் ஒவ்வொரு மணியையும் விரலால் இழுத்துப் பாருங்கள். ஆடுவது தளர்ந்த நூல், அங்கேயே தைத்துவிடலாம். வாரைக் கட்டும்போது கணுக்கால் எலும்புக்கு மேலே, ஒரு விரல் நுழையும் இறுக்கம். பிள்ளையை அரைமண்டியில் உட்காரவைத்துக் கட்டுங்கள். நின்றபடி கட்டினால் அரைமண்டிக்குப் போகும்போது வார் வெட்டும், அல்லது தளரும்.

கீர்த்தனத்துக்கு: அபிநயம் வரும் பாட்டு வரிகளில் கைத்தாளம் கேட்டும் கேட்காமலும் இருந்தால் போதும், அடக்கிய ஒலியில் தாளத்தின் தட்டுகள் மட்டும். இரண்டு வரிகளுக்கு நடுவே தட்டிமெட்டு (காலால் தட்டி ஆடும் பகுதி) வந்தால் திறந்து போடுங்கள், முடிந்ததும் உடனே அடங்கிவிடுங்கள். பாடகர் சங்கதி போடும் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும்) இடத்தில் உலோகம் பேசினால் சாகித்தியம் (பாட்டின் சொற்கள்) அவைக்குப் போய்ச் சேராது.